நர்சிங் முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போகலாமா? போனவன் சொல்கிறேன்

"பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஆறு மாதமாக வார்டில் வேலை பார்க்கிறேன், எனக்கு இது சரிப்படாது என்று தோன்றுகிறது, வேறு வழி உண்டா, இல்லை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பியா தங்கையா தெரியவில்லை. ஆனால் இதில் எப்படி வந்து சேர்ந்திருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. பிளஸ் டூவில் பயாலஜி குரூப். டாக்டர் சீட்டுக்கு மார்க் பத்தவில்லை. "நர்சிங் படிச்சா வேலை நிச்சயம், அப்புறம் வெளிநாடு" என்று யாராவது ஒரு மாமா சொல்லியிருப்பார். எனக்குச் சொன்னவர் எங்கள் தெரு மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி. அவர் மகன் இன்ஜினியரிங் சேர்ந்தான்.

நான் 2014-இல் முடித்தேன். தென் மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனை, ஐ.சி.யூ., மாதம் 9,500 ரூபாய். 16 மாதம் இருந்துவிட்டு வெளியே வந்தேன். இப்போது சென்னையில் மெடிக்கல் கோடிங். இதைப் படித்ததும் "சேவை மனப்பான்மை இல்லாதவன்" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். அவர்கள் ஒரு மாதம் தொடர்ந்து நைட் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஏன் வெளியே வந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் ஐ.சி.யூ.வில் 14 படுக்கை. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ். நைட்டில் நாங்கள் மூன்று பேர், அதில் ஒருவர் டிரெய்னி. என் பக்கம் ஐந்து பேர் இருந்தார்கள், இரண்டு பேர் வென்டிலேட்டரில். அதில் ஒருவர் பக்கவாதம் வந்த பெரியவர், நல்ல கனமான உடம்பு. படுத்தே கிடப்பவர்களை இரண்டு மணிக்கொரு தரம் பக்கம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், முதல் வருடத்திலேயே படித்ததுதான். அவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டியூபைப் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருவர் உடம்பைத் திருப்ப முடியும். கூப்பிட ஆள் இல்லை. ஆனால் சார்ட்டில் கட்டம் இருக்கிறதே, காலையில் இன்சார்ஜ் சிஸ்டர் பார்ப்பார்களே! 12 மணி இடது பக்கம், 2 மணி வலது பக்கம், 4 மணி நேராக என்று எழுதினேன். முந்தின நைட் பார்த்தவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். பகல் டியூட்டியும் அப்படித்தான்.

ஐந்தாம் நாள் ரவுண்ட்ஸில் டாக்டர் அவரைத் திருப்பச் சொன்னார். நாலு பேர் நின்றதால் அன்றைக்கு ஒழுங்காகத் திருப்ப முடிந்தது. முதுகுக்குக் கீழே, வால் எலும்பு மேல், உள்ளங்கை அளவுக்குப் புண். தோல் போய் உள்ளே சதை தெரிந்தது. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். பெரியவருடைய மகள் பள்ளிக்கூட டீச்சர். விசிட்டர் நேரத்தில் வந்தவர் படுக்கையடியில் தொங்கிய சார்ட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "தம்பி, ரெண்டு மணிக்கு ஒருதரம் திருப்பினதா எல்லா நாளும் எழுதியிருக்கே. அப்புறம் எப்படி?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். நிஜமாகவே புரியாமல் கேட்டார். "உடம்பு வீக்கா இருக்கு, அதனால வரும்மா" என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

அதற்கு அடுத்த மாதம் ராஜினாமா கொடுத்தேன். எனக்கு நோயாளி பிடிக்காமல் போகவில்லை, ரத்தமும் மலமும் அருவருப்பாக இல்லை. பொய் எழுதுவது கை பழகிவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியவில்லை, "நர்சிங்கே நமக்கு ஆகாது" என்று மொத்தமாக முடிவு கட்டினேன். உங்களுக்கு எது பிடிக்கவில்லை, நர்ஸ் வேலையா, அதை அந்த ஆஸ்பத்திரி செய்யவைக்கும் விதமா? முதலில் அதைப் பாருங்கள். இரண்டாவது என்றால் ஆஸ்பத்திரியை மாற்றினாலே போதும். வேறு இடம் மாறிப் போன என் செட் ஆட்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

கோடிங்கைப் பற்றி. அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடு போட வேண்டும், அதை வைத்து அவர்கள் ஊர் இன்சூரன்ஸ் பணம் கொடுக்கும். சி.பி.சி. என்று கோடிங் ஆட்களுக்கான அமெரிக்கச் சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது, எழுதினால் நல்லது. ஆனால் அனுபவம் இல்லாமல் பாஸ் செய்தால் பட்டத்தின் பின்னால் ஒரு 'ஏ' ஒட்டிக் கொடுப்பார்கள், அப்ரண்டிஸ் என்று அர்த்தம். எனக்கு ஆரம்பச் சம்பளம் 13,000. முதுகு வலி, கண் எரிச்சல், தினமும் இத்தனை சார்ட் என்ற டார்கெட், எல்லாம் உண்டு. இனி கம்ப்யூட்டரே கோடு போட்டுவிடும் என்ற பயமும் இங்கே இருக்கிறது. சொர்க்கம் என்று யாராவது கோச்சிங் சென்டர் விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு சார்ட் வந்தது. அதற்குரிய குறியீடு எல்89.153. வால் எலும்புப் பகுதிப் படுக்கைப்புண், மூன்றாம் நிலை. புண் இருக்கிறது என்பதை டாக்டர் எழுதியிருக்க வேண்டும், ஆனால் எந்த நிலை என்பதை நர்ஸ் குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. மருத்துவமனைக்கு வந்தபிறகு வந்த மூன்றாம், நாலாம் நிலைப் புண்ணுக்கு அங்கே மெடிகேர், அதாவது முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ், கூடுதல் பணம் தருவதில்லை, 2008 அக்டோபரிலிருந்து. அதனால், புண் முன்பே இருந்தது என்று காட்ட, நோயாளி வந்த நாளன்றே அந்த ஊர் நர்ஸ் அளந்து எழுதியிருந்தார்: நீளம், அகலம், ஆழம் எத்தனை சென்டிமீட்டர் என்று. அந்தப் பக்கத்தை அன்றைக்கு எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. டார்கெட் போனது, டீம் லீடரிடம் திட்டு வாங்கினேன்.

சரி, மற்ற வழிகள். எய்ம்ஸ் நடத்தும் நார்செட் எழுதுங்கள், எய்ம்ஸ் போன்ற மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு நர்ஸ் எடுக்கும் தேர்வு. டிப்ளமோ படித்தவர்களுக்குத்தான் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள், பி.எஸ்சி.க்கு நர்சிங் கவுன்சில் பதிவு இருந்தால் போதும். அடிப்படைச் சம்பளமே 44,900. ஜெர்மனி என்றால் பி2 நிலை வரை ஜெர்மன் மொழி படிக்க வேண்டும். ஏஜென்ட்டிடம் லட்சம் கட்டுமுன் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். எம்.எஸ்சி. படித்து டியூட்டர் ஆக ஆசை இருந்தால் அதற்கு முன் ஒரு வருட வேலை அனுபவம் வேண்டும். படுக்கையருகே நிற்காமல் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்க இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல், குவாலிட்டி, இன்சூரன்ஸ் டெஸ்க் எல்லாம் இருக்கின்றன. உங்களுடையதும் ஒரு டிகிரிதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், குரூப் 2, வங்கித் தேர்வு எல்லாவற்றுக்கும் போகலாம்.

அரசு வேலைக்குக் காத்திருப்பதைப் பற்றி ஒன்று. என் பெரியம்மா மகள் 2015-இல் எம்.ஆர்.பி., அதாவது தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், நடத்திய தேர்வில் பாஸாகி ஒப்பந்த நர்ஸாகப் போனாள். சம்பளம் 7,700. இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் சென்னையில் அரசு மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் நர்ஸுகள் உட்கார்ந்து போராடினார்களே, அதில் அவளும் இருந்தாள். அக்காவிடம் சொன்ன இரண்டு வருடம் எத்தனை வருடமானது என்று கேட்டால் இன்றைக்கும் சிரிப்பாள்.

நீங்கள் தம்பியாக இருந்தால் இன்னொன்றும் இருக்கிறது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாதது, பொறுத்துக்கொள்ளுங்கள். நார்செட்டில் எய்ம்ஸ் இடம் நூறு என்றால் ஆண்களுக்கு இருபது, பெண்களுக்கு எண்பது. பெண் வார்டில் பெண்கள்தான் வேண்டும் என்பது நியாயம், புரிகிறது. அப்படியானால் நாலு வருடம் அதே ஃபீஸை எங்களிடம் ஏன் வாங்கினீர்கள்? வார்டில் எங்களுக்குப் பெயர் 'பிரதர்'. கனமான நோயாளியைத் தூக்க வேண்டும், குடித்துவிட்டு வந்தவனைப் பிடிக்க வேண்டும் என்றால் "பிரதர்!" பெண் பார்க்கப் போனபோது ஒரு வீட்டில், "மாப்பிள்ளை நர்ஸா? கம்பவுண்டர்னு போட்டிருக்கலாமே" என்றார்கள். கம்பவுண்டர் அவர்களுக்கு ஒரு படி மேல்! கோடிங்குக்கு வந்தபின் "ஐ.டி. மாப்பிள்ளை" ஆகிவிட்டேன். என் அம்மாவும் அதைத் திருத்துவதில்லை.

நான் செய்த தப்பை மட்டும் செய்யாதீர்கள். கோபத்தில் 16 மாதத்திலேயே இறங்கிவிட்டேன், வளைகுடாவுக்குப் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். பிறகு ஒருமுறை திரும்பிப் போகலாமா என்று யோசித்தபோது அந்த எட்டு மாதம்தான் குறுக்கே நின்றது. போவதென்றாலும் கணக்கை முடித்துக்கொண்டு போங்கள். அனுபவச் சான்றிதழில் எந்த வார்டு, எத்தனை படுக்கை, என்று முதல் என்று வரை எல்லாம் இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே படித்துப் பாருங்கள். என்னுடையதில் அப்பா பெயர் என் பெயராகவும் என் பெயர் இனிஷியலாகவும் இருந்தது. திருத்திக் கேட்கப் போனபோது வாசலில் செக்யூரிட்டி, "விசிட்டர் நேரம் நாலு மணிக்குத்தான் சார்" என்றார்.