பந்து எறியும்போது பிள்ளையோட கவனம் எங்க இருக்கணும்? – கேள்வி பதில்

வணக்கம். எறியறது, பிடிக்கறது, ஒத்தக்கால்ல நிக்கறது, எழுதறதுன்னு குழந்தைங்களுக்கு கை கால் வேலை பழக்கறதுதான் என் தொழில். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், 14 வருஷம் ஆச்சு. கத்துக்கும்போது பிள்ளையோட கவனம் எங்க போகுது, அவங்க கையில எவ்ளோ முடிவு இருக்கு, இதைப் பத்தி என்ன வேணா கேளுங்க. மருந்து, ஸ்கேன் எல்லாம் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

ரெண்டுவாண்டு அம்மா: மேடம், பொண்ணுக்கு 7 வயசு. பந்தை எறிஞ்சா காலடியிலயே விழுது. அவங்க அப்பா பக்கத்துல நின்னு "முழங்கையை தூக்கு, தோளை திருப்பு, இடது காலை முன்னாடி வை"ன்னு சொல்லிட்டே இருக்கார். சொல்லச் சொல்ல இன்னும் மோசமாகுது. ஏன்?

அவர் சொல்றது ஒவ்வொண்ணும் சரிதான்பா, சொல்ற நேரம்தான் தப்பு. நல்லா எறியும்போது நாம முழங்கையை நினைக்கறதே இல்ல, அது தானா ஓடற வேலை. அந்த நொடியில "முழங்கை"ன்னு ஒருத்தர் சொன்னதும் பிள்ளை தானா ஓடினதை கையில பிடிச்சு ஓட்ட ஆரம்பிக்குது, உடம்பு விறைச்சுப் போகுது. இதைப் பத்தின முக்கியமான ஆராய்ச்சி 1998-ல கேப்ரியேல் வுல்ஃப்னு ஒரு ஆராய்ச்சியாளர் கூட ரெண்டு பேரோட செஞ்சது. பனிச்சறுக்கு மாதிரி பக்கவாட்டுல ஆடற ஒரு மெஷின்ல ஆளுங்களை ஏத்தி, சிலர்கிட்ட "காலால அழுத்து"ன்னாங்க, சிலர்கிட்ட "காலுக்குக் கீழ இருக்க சக்கரத்தை அழுத்து"ன்னாங்க. ரெண்டுக்கும் நடுவுல சில இஞ்ச் தூரம்தான், ஆனா சக்கரத்தை நினைச்சவங்கதான் நல்லா கத்துக்கிட்டாங்க.

என்கிட்ட வந்த ஒரு பொண்ணு, அவளுக்கும் 7 வயசுதான், எறியறதுக்கு முன்னாடி குனிஞ்சு தன் முழங்கையைப் பாத்துட்டு, சரியா இருக்கான்னு அம்மா முகத்தைப் பாத்துட்டு, அப்புறம்தான் எறிவா. செவுத்தை ஒரு தடவைகூட பாக்கல. நான் சாக்பீஸ்ல செவுத்துல ஒரு வட்டம் போட்டு "அங்க டப்புனு சத்தம் கேக்கணும்"னு மட்டும் சொன்னேன். நாலாவது பந்துல சத்தம் வந்துச்சு, தோள் தானா திரும்பியிருந்துச்சு, யாரும் சொல்லல. அப்பாகிட்ட சொல்லுங்க, ஒரு தடவைக்கு ஒரே ஒரு வார்த்தை, அதுவும் பந்தைப் பத்தியோ வட்டத்தைப் பத்தியோ.

ஷட்டில் அப்பா: ஷட்டில் சர்வீஸுக்கும் இதேதானா? "மணிக்கட்டை மடக்காத"ன்னு சொல்றேன்.

இதேதான். "நெட்டை உரசிட்டு போகணும்"னு சொல்லிப் பாருங்க.

குட்டி யானை: ஒன்றரை வயசு பையன், இன்னும் எறியவே தெரியல.

அந்த வயசுல உருட்டட்டும், கீழ போடட்டும், அதுவே போதும். நடக்கறதுலயும் பயம் இருந்தா குழந்தை டாக்டரைப் பாருங்க.

பி.டி. சார்: க்ளாஸ்ல 40 பேர். குழந்தைங்களுக்கு சாய்ஸ் குடுத்தா நல்லா கத்துப்பாங்கன்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க. 40 பேருக்கும் சாய்ஸ் குடுத்தா க்ளாஸ் என்னாகும்?

சார், சாய்ஸ்னா என்ன விளையாடறதுன்னு அவங்க முடிவு பண்றது இல்ல, சின்ன விஷயம் போதும். எந்த நிறப் பந்து, எந்தக் கோட்டுல நிக்கறது, எப்போ உங்ககிட்ட "எப்படி இருந்துச்சு?"ன்னு கேக்கறது, அவ்ளோதான்.

இந்தக் கடைசி விஷயத்துல ஒரு ஆராய்ச்சி எனக்கு ரொம்ப பிடிக்கும். 2008-ல 10 வயசுப் பிள்ளைங்களை பழக்கமில்லாத கையால, இலக்கைப் பாக்க முடியாம, சின்ன மூட்டையை எறிய விட்டாங்க. பாதிப் பேர் வேணும்னா மட்டும் "எங்க விழுந்துச்சு?"ன்னு கேக்கலாம். மீதிப் பேருக்கு ஆளுக்கு ஒரு ஜோடி, ஜோடிப் பிள்ளை எந்தெந்த எறிக்கு கேட்டுச்சோ அதே எறிக்கு இவங்களுக்கும் தகவல் வரும். ஆக தகவலோட அளவு ஒண்ணு, நேரம் ஒண்ணு, கேட்டு வாங்கினதா தானா வந்ததாங்கறது மட்டும்தான் வித்தியாசம். மறுநாள் எறிஞ்சப்போ கேட்டு வாங்கினவங்கதான் நல்லா எறிஞ்சாங்க.

ஆனா ஒண்ணு சார், பொய்யா சாய்ஸ் குடுக்காதீங்க. "எந்தப் பந்து வேணும்?"னு கேட்டுட்டு "அது வேணாம், இதை எடு"ன்னா, கேக்காமலே இருந்திருக்கலாம்.

லேப் தம்பி: மேடம், மன்னிக்கணும், இவ்ளோ உறுதியா சொல்லாதீங்க. சாய்ஸ் பத்தின ஆராய்ச்சியை எல்லாம் சேத்து 2022-ல அலசினப்போ, நல்ல ரிசல்ட் வந்தது மட்டும் வெளியாகற சார்பை கழிச்சதும் பலன் கிட்டத்தட்ட காணாமப் போச்சு. வெளி கவனத்துக்கும், அதாவது கை காலை விட்டுட்டு பந்து, வட்டம்னு வெளிய கவனிக்கறதுக்கும், 2024-ல அதேதான் சொன்னாங்க.

ரெண்டுவாண்டு அம்மா: அப்போ அவங்க அப்பா சொல்றதுதான் சரியா???

பி.டி. சார்: தம்பி, நான் 20 வருஷமா கிரவுண்டுல நிக்கறேன், "பந்தைப் பாரு"ன்னா பசங்க நல்லா ஆடறாங்க, இதுக்கு எதுக்கு அலசல்?

லேப் தம்பி: சார், அதே பையன் நாலு நாள் பழகினாலே நல்லா ஆடுவான். உங்க வார்த்தையால வந்ததா பழக்கத்தால வந்ததான்னு எப்படி பிரிப்பீங்க?

ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க, மத்தவங்க கேள்வி அப்புறம் பாக்கலாம், இது முக்கியம். தம்பி சொல்றதுல விஷயம் இருக்கு. நிறைய ஆராய்ச்சியில ஒரு குழுவுக்கு 15, 20 பேர்தான், அவ்ளோ சின்ன கூட்டத்துல தற்செயலா வந்த வித்தியாசமும் பெருசா தெரியும். வெளி கவனத்துக்கு ஆதரவா 2021-லயும் ஒரு பெரிய அலசல் வந்துச்சு, எதிரா 2024-ல வந்துச்சு, சண்டை இன்னும் ஓடுது. அதோட, 2008-லயே ஈட்டி மாதிரி சின்ன டார்ட் எறியற சோதனையில, பெரியவங்களுக்கு வெளி கவனத்தால கிடைச்ச பலன் குழந்தைங்களுக்கு அப்படியே கிடைக்கல. குழந்தை சின்ன சைஸ் பெரியவங்க இல்ல. எறியறதுன்னா என்னன்னே தெரியாத பிள்ளைக்கு ஒரு தடவை கையைப் பிடிச்சு காட்டத்தான் வேணும்.

அப்புறம் ஏன் நான் இதையே சொல்றேன்? ஒரு வார்த்தையை மாத்தறதுக்கு செலவும் இல்ல, ஆபத்தும் இல்ல, பலிக்கலன்னா ஒரே நாள்ல தெரிஞ்சிடும். அம்மா, "அப்பா சரியா"ன்னு கேட்டீங்கல்ல, ஒரு எறிக்கு மூணு கட்டளை எந்தப் பக்க ஆராய்ச்சியிலயும் நல்லதுன்னு சொல்லல. ஒரு நாள் 10 பந்து அவர் மாதிரி, 10 பந்து வட்டத்தைப் பாத்து, எண்ணிக்கோங்க. மறுநாள் வட்டத்தை முதல்ல வைங்க, இல்லன்னா பழகினதுல வந்த பலனும் சேந்துடும். பி.டி. சார், நீங்களும் இதையே 40 பேர்ல பாதிக்குப் பாதி செஞ்சு பாக்கலாம், தம்பியோட கேள்விக்கு அதுதான் பதில்.

லேப் தம்பி: இதை ஒத்துக்கறேன் மேடம். மறுநாளும் எண்ணச் சொல்லுங்க, அன்னிக்கே பாத்தா கத்துக்கிட்டதா தெரியாது.

ஆமா, அது சரியான பாயிண்ட். எறியற நேரத்து ஆட்டம் வேற, மறுநாள் மிஞ்சறது வேற.

கிரிக்கெட் மாமா: பௌலிங்ல என் அக்கா பையன்கிட்ட முழங்கையை மடக்காதன்னு சொல்லலாமா?

மேல நாலு பதில் இருக்கு, படிங்க. மடக்கின முழங்கையை பந்து போடும்போது நீட்டக் கூடாதுங்கறது விதி, அதனால எறியறதுக்கு முன்னாடி நிதானமா ஒரு தடவை காட்டுங்க, ஓடி வரும்போது வாயைத் திறக்காதீங்க.

நீச்சல் அம்மா: கை கால் ரெண்டையும் ஒண்ணா கவனிக்க சொல்லலாமா?

வேணாம். ஒரே ஒரு வார்த்தை. "தண்ணியை பின்னாடி தள்ளு."

கவலை: 9 வயசு பையன், பட்டன் போட வராது, பந்து பிடிக்க வராது, சைக்கிள் வராது, எழுதினா கை வலிக்குதுங்கறான். சோம்பேறின்னு எல்லாரும் திட்டறாங்க.

திட்டறதை இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க. பட்டன், பந்து, சைக்கிள், எழுத்து எல்லாம் ஒண்ணா வரலன்னா டிசிடியா இருக்கலாம், அதாவது கை கால் ஒத்துழைப்பு மத்த பிள்ளைங்களைவிட மெதுவா வளர்றது. பள்ளி வயசுப் பிள்ளைங்கள்ல நூத்துக்கு 5, 6 பேருக்கு இருக்கறதா சொல்றாங்க, சோம்பலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இதுக்கு நான் இங்க சொல்ற டிப்ஸ் பத்தாது. டாக்டர்கிட்ட காட்டிட்டு, ஒரு தெரபிஸ்ட்கிட்ட நேர்ல டெஸ்ட் பண்ணுங்க. முதல் வேலையா எதைக் கத்துக்கணும்னு அவன்கிட்ட கேளுங்க. நீங்க பட்டன்னு நினைப்பீங்க, அவன் சைக்கிள்னு சொல்லுவான். சைக்கிள்லயே ஆரம்பிங்க.

ரெண்டுவாண்டு அம்மா: இப்போதான் வட்டம் போட்டேன். எத்தனை பந்து எறிய சொல்றது மேடம்?

அவகிட்டயே கேளுங்க. மூணுன்னா மூணு, அதுக்கு மேல "இன்னும் ஒண்ணு"ன்னு நீங்க சொல்லக் கூடாது.