வெப்பம் கூடினால் மலையுச்சி ஊசியிலை மரங்கள் இன்னும் மேலே ஏறுமா?

பூமி சூடாகிறது, குளிரால்தானே ஓர் உயரத்துக்கு மேல் மரம் முளைப்பதில்லை, அப்படியானால் பைன், ஸ்புரூஸ் எல்லாம் இனி மேலே ஏறிவிடாதா, இதை இலங்கையில் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே பார்க்க முடியாது. நம் நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான், குளிர் மரத்தைத் தடுக்கும் உயரம் அது இல்லை. பதுளைப் பக்கம் ஏறும்போது தெரியும் பைனஸ் காடுகள் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. எங்கள் கல்லடிக் கடற்கரைச் சவுக்கும் ஊசியிலை மரம் இல்லை. மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன், ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது "டீச்சர், சவுக்கும் பைன் இனம்தானே?" என்று கேட்கும். ஒரு சவுக்கு ஊசியைக் கையில் கொடுத்து இழுக்கச் சொல்வேன். கணுக்கணுவாகக் கழன்று வரும். கணுவைச் சுற்றிப் பல் போல நிற்கும் சின்னச் செதில்கள்தான் அதன் இலை, ஊசி என்று நாம் நினைப்பது பச்சைக் கிளை. சவுக்கு பூக்கும் தாவரம்.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். அதற்கு மேல் மரம் வளராத உயரத்தை மர எல்லை என்பார்கள். உலகின் மலைகளில் அது இருக்கும் இடங்களைப் பார்த்தால், வளரும் பருவத்தின் சராசரி வெப்பநிலை எங்கும் ஏறக்குறைய 6 பாகை செல்சியஸாக இருக்கிறது. அந்தக் குளிரிலும் இலை உணவு தயாரிக்கிறது. நின்றுபோவது புதிய கலங்கள் உருவாகும் வேலை. சீமெந்தும் கல்லும் வந்து குவிந்து கிடக்கின்றன, மேசன் வரவில்லை, அந்த நிலைமைதான். ஆகவே கொஞ்சம் சூடு கூடினாலே அங்கு நிற்கும் மரம் சட்டென்று கொழுக்கும். மேற்கு அமெரிக்காவில் பல ஆயிரம் ஆண்டு வாழும் பிரிஸில்கோன் பைன்களில் இதைத் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள். எல்லைக்குக் கீழே 150 மீற்றருக்குள் நிற்கும் மரங்களில், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தண்டுக்குள் விழுந்த ஆண்டு வளையங்கள் முந்தைய 3,700 ஆண்டுகளில் எந்த அரை நூற்றாண்டிலும் இல்லாத அகலம். அதற்கும் கீழே நிற்பவற்றில் அந்தப் பாய்ச்சல் இல்லை.

ஆனால் மரம் பருப்பது வேறு, மர எல்லை நகர்வது வேறு. நிற்கும் மரம் நடக்காது, மேலே போக வேண்டியது அதன் குஞ்சு. 100 மீற்றர் ஏறினால் அரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதலாகக் குளிரும், ஆகவே ஒரு பாகை சூடு கூடினால் எல்லை 150 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும் என்று தாளில் கணக்குப் போடலாம். மலையில் அப்படி நடப்பதில்லை. 2009இல் வந்த ஓர் ஆய்வு உலகம் முழுக்க 166 இடங்களின் தரவைத் திரட்டியது. 1900க்குப் பிறகு எல்லை முன்னேறியிருந்தது அவற்றில் 52 வீதத்தில்தான். ஒரு வீதத்தில் பின்வாங்கியிருந்தது, மற்றவை அசையவில்லை.

ஏன் என்பதற்குச் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் அருகே ஸ்டில்பெர்க் சரிவைத்தான் எப்போதும் சொல்வேன். 1975இல் அங்கே மர எல்லையை ஒட்டி லார்ச் என்ற ஊசியிலை மரமும் இரண்டு பைன் வகைகளுமாக 92,000 கன்றுகளை நட்டார்கள். முப்பது ஆண்டு கழித்துப் பார்த்தால் லார்ச் பெரும்பாலும் தாக்குப்பிடித்திருந்தது, பைன்களில் பெரும்பாலானவை செத்துவிட்டன. பனி அதிக நாள் மூடிக்கிடந்த இடங்களில் பூஞ்சணம் ஊசிகளைத் தின்றிருக்கிறது. லார்ச் குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் இனம், பனிக்கடியில் பூஞ்சணத்துக்கு அதனிடம் ஊசி இல்லை. ஆக ஒரு கன்று பிழைக்குமா என்பதில் வெப்பநிலை ஒரு பங்குதான். பனி எவ்வளவு நாள் கிடக்கிறது, காற்று எப்படி அடிக்கிறது, ஈரம் இருக்கிறதா, முதலில் அங்கே விதை வந்து விழுந்ததா, எல்லாம் சேர வேண்டும். இமயமலையின் சில சரிவுகளில் மழைக்கு முந்தைய வறட்சியே கன்றுகளைத் தடுக்கிறது. ஐரோப்பாவின் அல்ப்ஸில் காடு மேலேறியதற்கு மேய்ச்சல் கைவிடப்பட்டதும் பெரிய காரணம், அதை முழுக்கக் காலநிலைக் கணக்கில் எழுதக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வட அமெரிக்க மர எல்லையில் வெண்பட்டைப் பைன் என்று ஒரு மரம் உண்டு. அதன் கூம்பு தானாக விரியாது. காக்கை இனப் பறவை ஒன்று அலகால் உடைத்து விதையை எடுத்து மண்ணில் புதைத்து வைக்கும், தின்னாமல் மறந்தவை முளைக்கும். முன்பு அந்த உயரத்துக் கடுங்குளிரில் பட்டைத் துளைப்பான் வண்டின் புழுக்கள் செத்துவிடும். இப்போது குளிர்காலம் இளகியதால் வண்டு மேலேறி, பல நூறு ஆண்டு நின்ற மரங்களைக் கொல்கிறது. வெளியிலிருந்து வந்த துருநோயும் சேர்ந்துகொண்டது. 2022 டிசம்பரில் அமெரிக்கா இந்த மரத்தை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. சூடு மேலே இடம் திறந்துவிடும் அதே நேரத்தில் விதை தரும் தாய்மரங்கள் விழுகின்றன. கூம்பு குறைந்த காட்டுக்கு அந்தப் பறவையும் அதிகம் வருவதில்லை.