ப்ரெப் மாத்திரை போடுபவருக்கு ஆணுறை எதற்கு?

கேள்வி: எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க முன்கூட்டியே எடுக்கும் ப்ரெப் மாத்திரையை எடுத்துவரும் இளைஞர் ஒருவர், "மாத்திரையே எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்கிறீர்களே, அப்புறம் ஆணுறை எதற்கு?" என்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: மாத்திரை எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்று அவர் சொல்வது சரி என முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபினும் சேர்ந்த இந்த மாத்திரையைத் தினமும் தவறாமல் எடுத்தால், உடலுறவு வழியாக எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 99 சதவீதம் குறைகிறது. ஆணுறைக்காக இதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பயமுறுத்தினால் அடுத்த முறை உங்களிடம் உண்மையைச் சொல்லமாட்டார்.

ஆனால் சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா போன்ற பால்வினை நோய்கள் எதையும் இந்த மாத்திரை தடுக்காது. கடைசி இரண்டும் தொண்டையிலும் ஆசனவாயிலும் வலியோ சீழோ இல்லாமலே இருக்கக்கூடும். 3 மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வரும்போதே இவற்றுக்கும் பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையத்தில் பார்த்துவிடலாம் என்று சொல்லுங்கள். ஆணுறை இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். அது மூடாத இடத்தில் புண் இருந்தால் சிபிலிஸ் தொற்றலாம் என்பதையும் மறைக்க வேண்டாம்.

மாத்திரையை எப்படி எடுக்கிறார் என்பதையும் பாருங்கள். தொடங்கியபின் முழுப் பாதுகாப்பு வர ஆசனவாய் உறவுக்குச் சுமார் 7 நாள், பெண்ணுறுப்பு வழி உறவுக்குச் சுமார் 21 நாள் ஆகும். அதுவரை ஆணுறை அவசியம். பாட்டிலைக் கையோடு கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பாருங்கள். 30 மாத்திரையில் மாதக் கடைசியில் 12 மிச்சம் இருந்தால், அந்த மாதம் ஆணுறையைத்தான் நம்ப வேண்டும்.

"ஆணுறை போட்டால்தான் மாத்திரை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிரிட்டனில் நடந்த ப்ரௌட் ஆய்வில் சிலருக்கு உடனேயும் சிலருக்கு ஓராண்டு கழித்தும் மாத்திரை கொடுத்தார்கள். உடனே பெற்றவர்களிடம் எச்.ஐ.வி. 86 சதவீதம் குறைந்தது. மற்ற பால்வினை நோய்கள் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தன. கையில் மாத்திரை இருந்தால் கட்டுப்பாடு போய்விடும் என்ற பயத்தில் யாரையும் திருப்பி அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை.

ஆணுறை ஏன் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். "கிழிந்துவிடுகிறது" என்றால், என்ன தடவுகிறார் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் தேங்காய் எண்ணெய் என்றோ வாசலின் என்றோ பதில் வரும். எண்ணெய்ப் பசை ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பரை அரித்துவிடும். தண்ணீர் சார்ந்த ஜெல் போதும். துணைதான் வேண்டாம் என்கிறார் என்றால், இருவரையும் சேர்த்து வரச் சொல்லுங்கள்.

அதற்கும் மேல் அவர் மறுத்தால் மாத்திரை தொடரட்டும். அடுத்த பரிசோதனைத் தேதியை அவர் எதிரிலேயே குறித்துக் கொடுங்கள்.