வாட்ஸ்அப்பின் நீல டிக் உறவுகளில் மனக்கசப்பை உண்டாக்குவது ஏன்?

செய்தியைப் படித்த பின்பும் பதில் வராததால் வீட்டில் சண்டை வருகிறது. தவறு மனிதர்களிடமா, கருவியிடமா என்று கேட்டிருக்கிறீர்கள். கருவிக்கே பெரும்பங்கு உண்டு என்பது என் கருத்து.

ஒற்றைச் சாம்பல் டிக் செய்தி அனுப்பப்பட்டதையும், இரட்டைச் சாம்பல் டிக் அது மறுமுனையிலுள்ள போனைச் சென்றடைந்ததையும், 2014 நவம்பரில் அறிமுகமான நீல டிக் உரையாடல் திறக்கப்பட்டதையும் காட்டுகின்றன. திறந்தவர் அடுப்படியில் கரண்டியும் கையுமாக நின்றாரா, நெரிசலான பேருந்தில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாரா என்பதை அது சொல்வதில்லை. இன்லண்ட் கடிதக் காலத்தில் (அதுவும் நீல நிறம்தான்) பதில் தாமதமானால், தபால் போய்ச் சேரவில்லை போலும் என்று மனம் தானாகவே சமாதானம் தேடிக்கொள்ளும். அந்தச் சந்தேகத்தின் பலனை நீல டிக் பறித்துவிட்டதால், வெளியூர் மகனுக்கு "சாப்பிட்டியா?" என்று அனுப்பிய தாய்க்கு அரைமணி நேர மௌனம்கூட அலட்சியமாகவே தோன்றுகிறது.

எதிர்ப்பு எழுந்த பிறகு, இதை அணைத்துவைக்கும் வசதி தனியுரிமை அமைப்புகளில் சேர்க்கப்பட்டது. அணைத்தால், பிறர் படித்தார்களா என்பதும் உங்களுக்குத் தெரியாது. குழு உரையாடல்களுக்கு இது பொருந்தாது. அணைப்பதற்கு முன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், டிக் ஏன் நீலமாகவில்லை என்பதே அடுத்த சண்டையாகிவிடும்.