வாங்கியவர் 63, பார்த்தவர் 1,900

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறேன். லாபத்தில் பங்கு தரும் பிளாக்செயின் டோக்கன் (கணினிப் பதிவேட்டில் ஏறும் டிஜிட்டல் சீட்டு) வெளியிட்டு, 1,900 பேர் உள்ள டெலிகிராம் குரூப் வழியாக 63 பேரிடம் 48 லட்சம் திரட்டினோம். வாங்கியவர்கள் 200-க்குள்தானே? ஐந்து மாதமாகிறது. டோக்கனை வடிவமைத்த பார்ட்னர் கழன்றுகொண்டார். நான்கு பேர் போலீசுக்குப் போவதாக மிரட்டுகிறார்கள். இரவில் தூக்கமே இல்லை. பார்ட்னர் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: பார்ட்னரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 48 லட்சத்துக்கு ஷேர் அலாட் செய்தீர்களா, அதாவது இன்னாருக்கு இத்தனை என்று ஒதுக்கினீர்களா? இல்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. டோக்கன் பிளாக்செயினில் ஏறிவிட்டால் வாங்கியவர் பங்குதாரர் ஆகிவிட மாட்டார். அதற்கு அலாட்மென்ட் வேண்டும், கம்பெனியின் உறுப்பினர் பதிவேட்டில் பெயர் வேண்டும்.

63 பேர்தானே, பிரைவேட் பிளேஸ்மென்ட் (குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் ஷேர் விற்பது) வரம்பான 200-க்குள்தானே என்கிறீர்கள். கம்பெனிச் சட்டம் 42-வது பிரிவு பார்ப்பது வாங்கியவர்களை அல்ல, யாருக்கெல்லாம் ஆஃபர் போனது என்பதை. குரூப்பில் 1,900 பேர் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போதாததற்கு ‘முந்துங்கள், 40 டோக்கன்தான் பாக்கி’ என்று குரூப்பின் உச்சியில் நிறுத்தி (pin) வைத்த மெசேஜ் வேறு. பிரைவேட் பிளேஸ்மென்டில் விளம்பரமே கூடாது. இதற்கு அபராதம் திரட்டிய தொகை வரைக்கும் போகும், உச்சவரம்பு 2 கோடி. அதுபோக வட்டியோடு திருப்பித் தர வேண்டும். கிரிப்டோவுக்கு வழி திறந்துவிட்டது என்று 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டாதீர்கள். அது கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளுக்கு பேங்க் கணக்கு பற்றியது.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. பணம் வந்த 60 நாளில் அலாட் செய்யாமல், அடுத்த 15 நாளில் திருப்பியும் தராவிட்டால் அது சட்டத்தின் கண்ணில் நீங்கள் வாங்கிய டெபாசிட் ஆகிவிடும். அந்தக் கெடு உங்களுக்கு எப்போதோ முடிந்தாயிற்று. இனி 76ஏ பிரிவு: டைரக்டருக்கு ஏழு வருடம் வரை சிறை, குறைந்தது 25 லட்சம் அபராதம். டெபாசிட் மோசடி வழக்குகளை விசாரிக்கும் டான்பிட் கோர்ட்டும் கோவையிலேயே இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் ஆட்கள் மூன்று காரியம் செய்கிறார்கள், பார்த்துச் சலித்துவிட்டேன். குரூப்பை அழிப்பார்கள். ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே நான்கு பேரிடம் இருக்கும். முன்தேதியிட்டுக் கடன் பத்திரம் எழுதுவார்கள், டெபாசிட் என்று கையெழுத்திட்டே ஒத்துக்கொண்ட மாதிரி. மூன்றாவதுதான் ஆளையே சாய்க்கும்: சத்தம் போடும் நான்கு பேருக்கு மட்டும் ரொக்கமாகக் கொடுத்து வாயை அடைப்பது. என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் செய்தார். சேதி கசிந்து மீதிப் பேர் அத்தனை பேரும் ஒரே நாளில் புகார் கொடுக்கப் போனார்கள். ரொக்கம் கொடுத்ததற்கு அவர் கையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

சமரசமாகப் போங்கள். 63 பேருக்கும் ஒரே விகிதத்தில், யார் எந்தக் கணக்கிலிருந்து போட்டார்களோ அதே கணக்குக்கு, அறுபதாம் நாள் முடிந்ததிலிருந்து 12 சதவீத வட்டியோடு திருப்புங்கள். மெஷினை அடமானம் வைத்தாவது செய்யுங்கள். ஆர்ஓசி (கம்பெனிப் பதிவாளர்) அபராதம் அப்படியும் வரலாம். ஆனால் போலீஸ் வாசலில் நிற்க ஆள் இருக்காது.

பெயர், தேதி, தொகைப் பட்டியலோடும் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடும் உள்ளூர் வக்கீல் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். பார்ட்னர் கதையை அந்தப் பட்டியல் தீர்ந்த பிறகு அவரிடம் சொல்லலாம்.