தங்கமீனுக்குப் பூண்டு கொடுத்தால் நோய் வராது என்கிறார்களே, உண்மையா?

கேள்வியை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் வளரும் தங்கமீன்களுக்குப் பூண்டு கொடுத்தால் வெள்ளைப் புள்ளி மாதிரியான நோய்கள் அண்டாது என்பது நிஜமா? பட்டாணி, கீரை, புழு என்று வேறு என்னென்ன கொடுக்கலாம்? பாக்கெட் உணவை அடியோடு நிறுத்திவிடலாமா?

பூண்டு தாராளமாகக் கொடுக்கலாம், மருந்து என்று நினைத்துக் கொடுக்காதவரை. சாப்பிடாமல் முரண்டு பிடிக்கிற மீனைச் சாப்பிட வைப்பதில் அது கெட்டிக்காரச் சரக்கு. நோயைத் தடுப்பதில் அதன் பங்கு, பேச்சில் இருக்கிற அளவுக்கு இல்லை.

தங்கமீன் சாப்பிடுவதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பாக்கெட் உணவு உருண்டையை லபக்கென்று உறிஞ்சும், வாய்க்குள் உருட்டும், துப்பும், மறுபடி எடுக்கும். அடியில் கிடக்கிற கூழாங்கல்லையும் இப்படித்தான் வாயில் போட்டு அலசிவிட்டுத் துப்பும். அதன் வாயின் மேற்புறத்தில் சுவை மொட்டுகள் அடர்ந்த ஒரு தசைத்திட்டு இருக்கிறது. உணவுத் துணுக்கை அது அழுத்திப் பிடித்துக்கொள்ளும், மண்ணும் கல்லும் வெளியே போய்விடும். அதனால் ருசி விஷயத்தில் தங்கமீனை ஏமாற்றுவது கஷ்டம். என் தொட்டியில் இருக்கும் ஒராண்டா வகைத் தங்கமீன், புது வகை உருண்டை எதைப் போட்டாலும் திரும்பத் திரும்பத் துப்பிவிட்டு மூலையில் போய் நின்றுகொள்ளும். அதே உருண்டையைப் பூண்டுச் சாற்றில் ஊறவைத்துப் போட்டால் மறுபேச்சில்லாமல் அரைக்க ஆரம்பித்துவிடும். கூடவே இருக்கிற காமெட் வகை மீனுக்குப் பூண்டு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதற்குக் கண்ணில் பட்டதெல்லாம் சாப்பாடு.

பூண்டை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பூண்டின் காரத்துக்கும் கிருமியைக் கொல்லும் குணத்துக்கும் காரணமான அல்லிசின் என்ற பொருள், உரித்த முழுப் பல்லில் கிட்டத்தட்ட இருக்காது. அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் பூண்டுக்குள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கும்போதுதான் இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. அந்தக் காரமான வாடையும் அப்போதுதான் கிளம்புகிறது. முழுப் பல்லை முதலிலேயே வேகவைத்தால் நொதி செத்துப்போகும், அப்புறம் நசுக்கிப் பயனில்லை. அல்லிசினும் நிலையானது இல்லை, சிதைந்துகொண்டே இருக்கும். ஒரு தடவை சாறு எடுத்துப் பாட்டிலில் ஊற்றி வாரக்கணக்கில் வைத்துக்கொள்வது அதனால்தான் வீண்.

நான் செய்வது இதுதான். ஒரு சின்னப் பல்லை நன்றாக நசுக்கிப் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுவேன். பிறகு இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பிசைந்து, டீ வடிகட்டியில் வடித்து, அந்த வேளைக்கு வேண்டிய உருண்டைகளை மட்டும் அதில் போடுவேன். உருண்டை சாற்றை உறிஞ்சி லேசாக உப்பியதும் எடுத்துத் தொட்டியில் போட்டுவிடலாம். மிச்சச் சாறு சிங்க்கில். வாரத்தில் ஒன்றிரண்டு வேளை போதும். பூண்டுத் துண்டையோ சாற்றையோ நேராகத் தொட்டித் தண்ணீரில் போடாதீர்கள். அது அழுகி அமோனியாவைத்தான் கூட்டும்.

சரி, நோய்க்கு வருவோம். திலேப்பியா, ரெயின்போ டிரௌட் போன்ற பண்ணை மீன்களுக்குப் பூண்டுத்தூள் கலந்த தீவனம் கொடுத்துச் செய்த ஆய்வுகளில், நோய் எதிர்ப்புத் திறன் கூடியதாகவும், பாக்டீரியாத் தொற்றில் பிழைத்த மீன்கள் அதிகம் என்றும் முடிவுகள் வந்திருக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே அளந்து கலந்த தூளை ஒவ்வொரு வேளையும், வாரக்கணக்கில் கொடுக்கிறார்கள். நாம் சாற்றில் முக்கிப் போடுவதையும் அதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

வெள்ளைப் புள்ளி நோய் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். மீன் உடம்பில் உப்பைத் தூவியது போலத் தெரிகிற அந்தப் புள்ளி, தோலுக்கு அடியில் புதைந்திருக்கும் ஒட்டுண்ணி. அது வளர்ந்து, உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பெருகும். அந்தக் குட்டிகள் நீந்திப் போய் அடுத்த மீனைப் பிடிக்கும். பெரும்பாலான மருந்துகளால் இந்த நீந்தும் பருவத்தில்தான் அதைக் கொல்ல முடியும். தோலுக்குள் இருக்கும்போது அதைத் தொடுவது கஷ்டம். ஆய்வகத்தில் பூண்டுச் சாற்றை நேராகத் தண்ணீரில் கலந்தபோது நீந்தும் குட்டிகள் செத்தன என்பது உண்மை. ஆனால் மீன் தின்ற பூண்டு தோலுக்குப் போய் ஒட்டுண்ணியைக் கொல்லும் என்பது வேறு கதை, அதற்கு அது சாட்சி ஆகாது. புள்ளிகள் தாமாக உதிர்ந்ததைப் பார்த்துவிட்டு ‘பூண்டு கேட்டது’ என்று சந்தோஷப்படுகிறவர்கள் நிறைய. உதிர்ந்தது அடுத்த சுற்றுக்கு.

மீன் மந்தமாக இருக்கிறது, சாப்பிடவில்லை என்றால் பூண்டை உரிப்பதற்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். தங்கமீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அமோனியாவாகத்தான் வெளியேற்றுகிறது. சின்னத் தொட்டியில் அது திரும்ப அதன் செவுளையே எரிக்கும். மேலே வந்து வாய் பிளந்து நிற்கிற மீனுக்கு வேண்டியது தண்ணீர் மாற்றம். செதில்கள் தூக்கிக்கொண்டு உடம்பு உப்பியிருந்தால் சமையலறையில் மருந்து தேடாதீர்கள், மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

இயற்கை உணவில் எனக்கு உண்மையான நம்பிக்கை பச்சைக் காய் கீரைகள்மேல்தான். காரணம் எளிது. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் அரைபட்டது நேராக நீளமான குடலுக்குள் போய்விடும். ஒரே வேளையில் நிறைய வாங்கி வைத்துக்கொண்டு அமிலத்தில் கரைக்க இடமில்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கான உடம்பு அது. வெறும் புரத உருண்டையை ஒரேயடியாகக் கொட்டினால் மலச்சிக்கல் வருவதில் ஆச்சரியமில்லை. உருண்டை உடம்புள்ள ரியூகின், ராஞ்சு வகைகளுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும், வயிற்றுக்குள் இடமே குறைவு.

பட்டாணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பச்சையோ உறையவைத்ததோ, உப்பில்லாமல் வேகவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்துவிட்டு, மீனின் வாயளவுக்குக் கிள்ளிப் போடுங்கள். தோலோடு போட்டால் உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டுத் தோலைத் துப்பிவிடும், அது பில்டர் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். பெரிய மீனுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சீக்கிரமே பச்சைக் கழிவு வால்போலத் தொங்கும், பயப்பட வேண்டாம், அதுதான் நமக்கு வேண்டியது.

ஆனால் மீன் தலைகீழாக மிதந்தாலே பட்டாணி போடு என்கிற ஆலோசனை பாதிதான் சரி. மலச்சிக்கலால் மிதந்தால் ஒன்றிரண்டு நாள் பட்டினி போட்டு, பிறகு பட்டாணி கொடுத்தால் சரியாகிவிடும். தொற்று, குளிர்ந்த தண்ணீர், மோசமான தண்ணீர், பிறவியிலேயே வளைந்த உடல்வாகு என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றுக்குப் பட்டாணி என்ன செய்யும்? இன்னொன்று, தங்கமீனின் காற்றுப்பை ஒரு குழாய் வழியாக உணவுக்குழாயோடு இணைந்திருக்கிறது. மிதக்கிற உணவை மேலே வந்து கவ்வும்போது காற்றையும் சேர்த்து விழுங்கும். மிதக்கும் உணவை நிறுத்தி, மூழ்கும் உருண்டையை ஊறவைத்துக் கொடுத்தாலே சில மீன்கள் நேராகிவிடும்.

கீரை, லெட்யூஸ், வெள்ளரிக்காய், சுரைக்காய், ப்ரோக்கோலி எல்லாம் கொடுக்கலாம். பூச்சிமருந்து போக நன்றாகக் கழுவி, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, கண்ணாடியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டால் மீன் தானாக வந்து கொத்திக்கொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கூழாகிவிடும். இதைவிட வசதி டக்வீட் என்கிற மிதக்கும் குட்டிச் செடி. தனி வாளியில் வெளிச்சத்தில் வைத்தால் தானே பெருகும், வேண்டும்போது ஒரு கை அள்ளிப் போடலாம். தங்கமீன் தொட்டியில் நேராக விட்டால் பெருக விடாது, தின்றே தீர்த்துவிடும். வெளியிலிருந்து எடுத்த செடியைச் சில நாள் தனியாக வைத்துவிட்டுப் போடுங்கள், நத்தையும் நோயும் கூடவே வரும்.

உயிருணவில் டாஃப்னியா, மொய்னா என்ற குட்டி நீர்ப்பூச்சிகள் இரண்டும் அருமை. அவற்றின் ஓடு செரிக்காமல் நார் போல வேலை செய்து குடலைச் சுத்தம் செய்யும். மண்புழுவை மருந்தடிக்காத மண்ணிலிருந்து எடுத்து, கழுவி, நறுக்கிக் கொடுக்கலாம். கொசுப்புழுவை அந்த வேளையிலேயே தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள், மிஞ்சினால் வீட்டுக்குள் கொசு. டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் வளரக்கூடியது, அதை உயிரோடு வாங்கிப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரெட், பிஸ்கட், இறைச்சிக் கொழுப்பு, உப்பு காரம் சேர்த்த எதுவும் வேண்டாம்.

பாக்கெட் உணவை அடியோடு நிறுத்தலாமா என்றால், வேண்டாம் என்பேன். நல்ல உருண்டையில் வைட்டமினும் தாதுக்களும் அளந்து சேர்க்கப்பட்டிருக்கும். வெறும் கீரை, பட்டாணியில் அது கிடைக்காது. வாரத்தில் பாதிக்கு மேல் உருண்டை, இரண்டு மூன்று நாள் காய் கீரை, எப்போதாவது டாஃப்னியா, ஒருநாள் பட்டினி. ஆரோக்கியமான பெரிய மீனுக்கு ஒருநாள் பட்டினியால் ஒன்றும் ஆகாது.

வீட்டிலேயே செய்துதான் தீருவேன் என்றால் ஜெல் உணவு செய்யுங்கள். வேகவைத்த பட்டாணி, கொஞ்சம் கீரை, வேகவைத்த இறால் அல்லது மீன், ஸ்பைருலினா என்ற பாசியின் தூள் ஆகியவற்றை மைய அரைத்து, காய்ச்சிய அகர் அகரில் கலந்து, தட்டையாக உறையவைத்து வில்லைகளாக வெட்டி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். இறாலை வேகவைப்பதற்குக் காரணம் உண்டு. பச்சை இறாலிலும் சில மீன்களிலும் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது, சூட்டில் அது அழிந்துவிடும். பூண்டு சேர்ப்பதாக இருந்தால் கலவை வெதுவெதுப்பாக ஆறிய பிறகு, உறைவதற்குச் சற்று முன்னால் சேருங்கள்.

பூண்டு உண்மையிலேயே கைகொடுக்கிற இடம் இன்னொன்று இருக்கிறது. குடல் ஒட்டுண்ணிக்கு மருத்துவர் உணவில் கலந்து கொடுக்கச் சொல்லும் மருந்துகள் சில படு கசப்பு. மீன் வாயில் வாங்கியதும் துப்பிவிடும், மருந்து தண்ணீரில் கரைந்து போய்விடும். மருந்து கலந்த உருண்டையின்மேல் கடைசியாகப் பூண்டுச் சாற்றைச் சில சொட்டு விட்டு, அது இழுத்துக்கொண்டதும் உடனே போட்டால், துப்புவது பெரும்பாலும் குறையும். ஒவ்வொன்றாகப் போட்டு, விழுங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.