நாலு நாள் நடந்துவிட்டு நிறுத்திவிடும் அம்மாவை எப்படி நடக்க வைப்பது?

கேள்வியில் நீங்கள் சொன்னது: நீங்கள் சிங்கப்பூரில் வேலை, அம்மாவுக்கு 71 வயது, தேவகோட்டை வீட்டில் தனியாக இருக்கிறார். சுகர், பிரஷர், முழங்கால் வலி உண்டு. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியும் நாலாம் நாள் நிறுத்திவிடுகிறார், "சோம்பேறித்தனம்தான் காரணம்" என்கிறீர்கள்.

அடுப்படிக்கும் முகப்புக்கும் நாளெல்லாம் நடந்துகொண்டிருப்பவர் சோம்பேறியாக இருக்க வாய்ப்பில்லை. நாலாம் நாள் எது தடுத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் அது மகனிடம் சொல்லக் கூச்சப்படுகிற காரணமாக இருக்கும்.

முதல் சந்தேகம், ஒன்றுக்கு அவசரம். பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். ஃப்யூரோசமைடு போன்றவை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் வரை இழுக்கும். காலை ஏழுக்கு மாத்திரை, ஏழரைக்கு நடை என்றால் தெருக்கோடிக்குப் போவதற்குள் முட்டிக்கொண்டு வரும். அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பார்கள், பிறகு தலை சுற்றும், "நடந்தால் மயக்கம் வருது" என்று முடித்துவிடுவார்கள். காலை நடை என்றால் மாத்திரைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மாலைதான். மாத்திரை நேரத்தை மாற்றுவது டாக்டர் சொல்லித்தான்.

அடுத்தது விழுந்துவிடுவோமோ என்ற பயம். இதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. "நடங்க" என்று சொன்ன வாயாலேயே "பாத்து, விழுந்துட்டா யாரு பாக்குறது" என்றும் போனில் சொல்கிறோம். எதிர் வீட்டிலிருந்து, "ஆச்சி, இந்த வயசுல எதுக்கு இந்த அலைச்சல்?" என்று இன்னொரு குரல். இரண்டும் சேர்ந்தால் யாருக்கும் வாசலைத் தாண்ட மனசு வராது.

மூன்றாவது, தெரு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பல ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெரு வரைக்கும் நீளும். பக்கத் தெரு முழுக்க மதில்தான். கதவில்லை, திண்ணையில்லை, ஒரு நிமிஷம் உட்கார வழியில்லை. முகப்புத் தெருவில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சில திண்ணைகளுக்கு கிரில் போட்டாயிற்று. முழங்கால் வலிக்காரர் தூரத்தைக் கணக்குப் பார்ப்பதில்லை, அடுத்து எங்கே உட்காரலாம் என்றுதான் பார்ப்பார். அதனால் வழியை நீங்களே முடிவு செய்யாதீர்கள். தெரிந்தவர் வீட்டுத் திண்ணை, கடை பெஞ்ச், ஊருணிப் படி, கோவில் மண்டபம் என்று உட்காரும் இடங்களை அவரையே சொல்லச் சொல்லி, அவற்றை இணைத்து வழி போடுங்கள். நாய் தொல்லை உள்ள தெருவை அவரே கழித்துவிடுவார்.

பங்குனி, சித்திரை வெயிலிலும் மழை நாளிலும் வெளியே போக வேண்டியதே இல்லை. உங்கள் வீட்டில் வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) இருந்தால் அதைச் சுற்றலாம். ஒரு சுற்றை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 40 மீட்டர் வந்தால் 25 சுற்று ஒரு கிலோமீட்டர். ஒரே பக்கம் சுற்றினால் வளைவில் ஒரு காலுக்கே பாரம் ஏறும், பாதியில் திசையை மாற்ற வேண்டும். ஆத்தங்குடி ஓடு பதித்த தரை ஈரமானாலும் எண்ணெய் பட்டாலும் வழுக்கும், எனவே துடைத்த கையோடு நடக்கக் கூடாது. வளவு வாசலில் இறங்கும் படியின் விளிம்பில் வெளிர் நிறப் பெயிண்ட் கோடு ஒன்று போட்டுவிடுங்கள். கண்புரை உள்ளவருக்குத் தரையும் படியும் ஒன்றாகத் தெரியும்.

எவ்வளவு நடக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம். ஒரே மூச்சில் அரை மணி தேவையில்லை, சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடமாக நடந்தால் சுகருக்கும் நல்லது. பத்தாயிரம் அடி என்பது 1960களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்கப் பிடித்த விளம்பரக் கணக்கு. அந்த எண்ணை அம்மா காதில் போடாதீர்கள். முதல் வாரம் ஐந்து நிமிடம், இரண்டு வேளை. பிறகு வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டினால் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேக அளவு.

காலில் என்ன போடுகிறார் என்பதும் முக்கியம். ரப்பர் செருப்பு கழன்றுவிடாமல் விரலால் இறுக்கிப் பிடித்தே நடப்பார்கள், அதில் நடை குட்டையாகித் தடுக்கும். குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ள செருப்பு வேண்டும், மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது வாங்க வேண்டும். பாதம் மரத்திருந்தால் வெயிலில் கோவில் கல்தரையில் வெறுங்கால் கூடவே கூடாது. கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும். இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது, முந்தானையில் கொஞ்சம் சர்க்கரை முடிந்துகொள்ளட்டும். சுகர் இறங்கிக் கை நடுங்கி வியர்த்தால் மூன்று டீஸ்பூன் உடனே வாயில் போட வேண்டும்.

கைத்தடி என்றால் கௌரவக் குறைச்சல் என்பார், வாங்கி வைத்துவிடுங்கள். செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்க வேண்டும். வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும், பலரும் மாற்றிப் பிடிக்கிறார்கள். அடி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றவும்.

நடையை நிலைக்க வைப்பது ஆளும் காரியமும்தான். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடியோடு போகும்போது, தெருமுனைக்குக் கூட போகாத வயதானவர்கள் சிலர் ஒரு கட்டம் வரை கூடவே நடப்பார்கள். தேதி உண்டு, துணை உண்டு, உட்கார இடம் உண்டு, சாப்பாடு உண்டு. (முன்னால் பழகாமல் அந்த ஒரு நாளில் நடந்து முட்டி வீங்குவது வேறு கதை.) வீட்டு நடைக்கும் அதே நாலும் வேண்டும்: சாயங்காலம் ஐந்தரைக்குப் பக்கத்து வீட்டு ஆச்சி வந்து கூப்பிட வேண்டும், கோவிலில் கொடுக்கப் பூ இருக்க வேண்டும். ஸ்மார்ட் வாட்ச் அனுப்புவதைவிட அந்த ஆச்சிக்கு ஒரு போன் போடுவது பலன் தரும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு சோதனை. நாற்காலியைச் சுவரோடு போட்டு, பக்கத்தில் ஒருவர் நிற்க, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை தடவை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணச் சொல்லுங்கள். 70–74 வயதுப் பெண்ணுக்குப் பத்துக்குக் குறைந்தால் தொடையில் பலமில்லை, விழும் வாய்ப்பு அதிகம். அப்படியானால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டு, முதலில் இந்த எழுந்து உட்காரும் பயிற்சி, பிறகு தெரு.

முழங்கால் லேசாக வலித்து மறுநாளைக்குள் அடங்கினால் தொடரலாம், அடங்காவிட்டால் நேரத்தைக் குறைக்க வேண்டும். மார்பு அழுத்தம் வந்தால் அத்தோடு நிறுத்தி ஆஸ்பத்திரி. குறிப்பிட்ட தூரம் போனதும் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கிறது என்றால் போனிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: "நின்னாலே சரியாகுதா, குனிஞ்சு உட்கார்ந்தாத்தான் சரியாகுதா?" நின்றாலே சரியானால் கால் ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம், குனிந்து உட்கார்ந்தால்தான் சரியாகும் என்றால் முதுகுத் தண்டில் நரம்பு நெருக்கமாக இருக்கலாம். இரண்டுக்கும் போக வேண்டிய டாக்டர் வேறு வேறு.